இலைப்பூச்சிக்கு இலை தேடிய குளிர்காலம்

ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம். சுவிஸில், பாசல் நகரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குசினித் தரையில் ஒரு ஜெர்மன் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் மிளகாய்க் கன்றுச் சட்டியின் மண்ணைக் கொட்டி, இரண்டு ஆண்கள் குந்தியிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தோம். ஒருவன் நான். மற்றவர் என்னோடு அந்த வீட்டில் இருந்த தேவன் அண்ணை.

நாங்கள் பொறுக்கியது பூச்சி முட்டை.

இலைப்பூச்சியின் முட்டை. அதைப் பார்த்து முட்டை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஏதோ காட்டுச்செடியின் விதை காய்ந்து சுருங்கியதுபோல, மண்ணிறத்தில், ஓரங்கள் மடிந்து இருக்கும். மண்ணுக்குள் கிடந்தால் மண்தான். பருப்பில் கல் பொறுக்குவதுபோல விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கவேண்டும்.

“ஐசே, என்ரை கலியாணத்தண்டு ஐயர் சொல்லியும் நான் இவ்வளவு நேரம் குந்தியிருக்கேல்லை,” என்றார் தேவன் அண்ணை.

நான் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன்.

சண்டையால் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி அறுந்து கிடந்த காலம் அது. என் மனைவி யோகம் அங்கே. அவள் இருக்கிறாளா, இருந்தாலும் எனக்கென்று இருக்கிறாளா என்று தெரியாத நாட்கள். இந்த முட்டைகள் போனால் அவளும் போய்விடுவாள் என்று எனக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. படித்தவர்கள் இதற்கு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்குத் தெரிந்த பெயர் பயம்.

என் நாட்டுப் பூச்சி

அந்தப் பூச்சிகள் என்னிடம் வந்த கதையைச் சொல்லவேண்டும்.

வீட்டுக்காரி மோசர் அம்மா கீழ்மாடியில் இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை, தனி ஆள். நெஞ்சுச் சளி காரணமாகக் குளிர்காலத்துக்குத் தெற்கே தங்கை வீட்டுக்குப் போகச் சொல்லி வைத்தியர் சொல்லிவிட்டார். இலையுதிர்காலத்தில் ஒருநாள் நான் படியேறும்போது விரலைக் காட்டிக் கூப்பிட்டார். வீட்டை விடச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அந்த நாட்களில் என்னை யார் விரல் காட்டிக் கூப்பிட்டாலும் அதைத்தான் நினைப்பேன்.

அவர் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் என்னை நிறுத்தினார். உள்ளே போத்தலில் சொருகிய முட்செடிக் கிளைகள் மட்டும்தான். வேறொன்றும் இல்லை. அவர் மூடியைத் திறந்து மெல்ல ஊதினார். இலைகள் ஆடின. ஊதி முடித்த பிறகும் சில இலைகள் மட்டும் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருந்தன. உற்றுப் பார்த்தால் அந்த இலைகளுக்குக் கால் இருந்தது. காலும் இலைபோலத்தான். நரம்பு இருந்தது, ஓரத்தில் பழுத்துக் கருகியதுபோல ஒரு மண்ணிறம்கூட இருந்தது.

ஜெர்மன்காரர் இதை நடக்கும் இலை என்பார்களாம். மோசர் அம்மா பூச்சியைக் காட்டி “சிலோன்” என்றார். பிறகு என்னைக் காட்டி “சிலோன்” என்றார். இரண்டு பேரையும் அறிமுகம் செய்துவைத்ததுபோல் சிரித்தார்.

நான் ஓம் என்று தலையாட்டினேன்.

உண்மையில் அப்படி ஒரு பூச்சியை நான் பிறந்த நாள் முதல் கண்டதில்லை. அது மழைக்காட்டுப் பூச்சி. நான் சாவகச்சேரிப் பக்கம், பனைக்குக் கீழே நடந்தவன். ஆனால் தெரியாது என்று சொல்லப் பயம். அகதி விசாரணையில் எங்கள் ஊர்ப் பஸ் எந்த வீதியால் திரும்பும், சந்தைக்கு எதிரே என்ன இருக்கிறது என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். நாட்டுப் பூச்சியைத் தெரியாது என்றால் இவன் அந்த நாட்டுக்காரன்தானா என்ற சந்தேகம் மோசர் அம்மாவுக்கும் வந்துவிட்டால்?

ஆகவே பூச்சியைத் தெரியும் என்று ஆயிற்று. தெரிந்தவனிடம் விட்டுப் போவதில் அவருக்கு என்ன யோசனை? பெட்டி மேல்மாடிக்கு வந்தது.

முள்ளும் பனியும்

அது தின்பது பிறோம்பேரி இலை. கறுப்புப் பழம் காய்க்கிற முட்கொடி. மற்ற மரமெல்லாம் மொட்டையாக நிற்கும் குளிர்காலத்திலும் அந்தக் கொடியில் பச்சை கொஞ்சம் மிஞ்சும். அதைத் தேடிப் பிடுங்க வேண்டும். அதுதான் வேலை.

தண்டவாளக் கரையோரம் நிறையக் கிடக்கும். அங்கே களைக்கு மருந்து அடிப்பார்கள், பிடுங்காதே, செத்துவிடும் என்று மோசர் அம்மா கையால் கழுத்தை அறுத்துக் காட்டிவிட்டுப் போயிருந்தார். அதனால் விடுமுறை நாளில் ட்ராம் ஏறி, ஆற்றங்கரைக் காட்டுக்குப் போவேன். பனியைக் கையால் தட்டி, கீழே உள்ள இலையைப் பார்த்து, ஓட்டை உள்ளதை விட்டு, கிளையாக வெட்டிப் பிளாஸ்ரிக் பையில் போடுவேன்.

ஒருமுறை நாயோடு நடக்க வந்த கிழவர் ஒருவர் நெடுநேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். காட்டுக்குள் கறுத்த ஒருவன் கத்தரிக்கோலும் பையுமாக நின்றால் யார்தான் பார்க்கமாட்டார்? பொலிஸைக் கூப்பிடப் போகிறார், அவர்கள் என் அகதிக் கேஸில் எழுதப்போகிறார்கள் என்று நினைத்துக் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டேன். தெரிந்த ஜெர்மனில் “பூச்சி, சாப்பாடு” என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பூச்சியையா சாப்பிடுகிறாய் என்று கேட்டார். நான் பயத்தில் ஓம் என்றுவிட்டேன். நாயை இழுத்துக்கொண்டு விறுவிறென்று போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வோர் இலையாகக் கழுவித் துடைப்பேன். நான் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். சவர்க்காரத் துளி ஒன்று ஒட்டியிருந்தாலும் என் மூக்குக்குத் தெரியும். கிளைகளைத் தண்ணீர்ப் போத்தலில் வைத்து, பூச்சி உள்ளே விழுந்து சாகாமல் வாயைப் பஞ்சால் அடைப்பேன். காலையும் பின்னேரமும் இலைமேல் தண்ணீர் தூவுவேன். அதிகம் தூவினால் பூஞ்சணம், குறைந்தால் தோல் உரிக்க முடியாமல் செத்துப்போகும். இது போதுமா, கூடிவிட்டதா என்று அந்த யோசனையோடேயே வேலைக்குப் போவேன்.

பாசலில் குளிர்காலம் முழுவதும் திருவிழாவுக்கு மேளம் பழகுவார்கள். அந்த அதிர்ச்சியில் பூச்சி விழுந்துவிடுமோ என்று பெட்டிக்குக் கீழே என் கம்பளிச் சட்டையை மடித்து வைத்தேன்.

தேவன் அண்ணை மிளகாய் வறுத்தால் என் அறைக் கதவின் கீழ் துவாயைச் செருகிவிடுவேன். சாம்பிராணி போட்டாலும் அப்படித்தான். சாமிக்கே மரியாதை இல்லாத வீட்டில் பூச்சிக்கு நடக்கிற உபசாரத்தைப் பார் என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

கேட்டுக்கொண்டு நின்ற கடை

யோகத்துக்கும் எனக்கும் கலியாணம் ஆகி ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் நான் நாட்டைவிட்டு வந்தவன். பெரியவர்கள் பேசிச் செய்த பேச்சுக்கால் கலியாணம். அவளுடைய முகம் பழகுவதற்குள் விமானம் ஏறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பட்டணத்தில் தொலைபேசி வைத்திருந்த ஒரு கடைக்கு வருவாள். நான் இங்கே தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து எடுப்பேன். அந்தக் கடையில் வாங்குப் பலகையிலே வரிசையாகச் சனம் இருக்கும். கடைக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அவள் என்ன பேசுவாள்?

சாப்பிட்டீங்களோ என்பாள். ஓம் என்பேன். அங்கை எப்பிடி என்பேன். இருக்கு என்பாள். பிறகு இரண்டு பக்கமும் மூச்சுத்தான் கேட்கும். இங்கே நாணயம் விழுந்துகொண்டே இருக்கும். கேட்க வேண்டியது ஒன்றையும் கேட்கமாட்டேன். வெளியே வந்தால் தெருவிலே நின்று என்னை நானே திட்டுவேன்.

பூச்சி வந்த பிறகுதான் எங்களுக்குப் பேச்சு வந்தது.

முதல்நாள் சொன்னபோது அவள் நம்பவில்லை. இலைக்குக் கால் இருக்கோ என்று கேட்டாள். அடுத்த கிழமை அவளாகவே தொடங்கினாள், அதுகள் சுகமோ என்று. ஒரு குட்டி தலைகீழாகத் தொங்கித் தோலை உரித்ததைச் சொன்னேன். பழைய தோலிலிருந்து ஈரமாக, மெல்லிய பச்சையாக வெளியே வந்து, தன் தோலைத் தானே தின்றது. அவள் சிரித்தாள். அவள் சிரிப்பை நான் அன்றுதான் முதன்முதலில் ஒழுங்காகக் கேட்டேன். கலியாண வீட்டில் அவள் சிரித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

பிறகு அவள் ஒவ்வொன்றாக விசாரிப்பாள். குளிருக்குப் போர்த்து விடுறியளோ? இலை கிடைக்குதோ? கை முள்ளுக் கிழிச்சிட்டுதோ? பூச்சியைக் கேட்கிறாளா என்னைக் கேட்கிறாளா என்று எனக்கு விளங்கும். கடைக்காரருக்கு விளங்காது. வாங்கில் இருந்த சனமும்கூடப் பூச்சிக் கதை கேட்கத் தொடங்கிவிட்டதாம்.

ஆண் இல்லாத பெட்டி

ஆனால் வேறொரு கதையும் நடந்துகொண்டிருந்தது. யோகத்தின் தமையன் கனடாவில் இருந்தார். அவளைத் தன்னிடம் எடுப்பதற்கு ஏஜென்சிக்காரன் ஒருவனைப் பிடித்திருந்தார். சுவிஸில் இருக்கிறவனின் கேஸ் இன்றைக்கோ நாளைக்கோ தள்ளுபடியாகிவிடும், அவனையே திருப்பி அனுப்பிவிடுவார்கள், நீ கனடாவுக்கு வந்துவிடு, பிறகு பார்ப்போம் என்றாராம். அந்தப் ‘பிறகு பார்ப்போம்’ என்னைத் தூங்கவிடவில்லை.

அவள் இதை என்னிடம் சொன்னபோது, யோசித்துச் செய்யும் என்றேன். வேறென்ன சொல்வது? இங்கே வா என்று சொல்ல எனக்கு என்ன தைரியம்? கையில் தற்காலிகக் கடதாசி. வருகிற வழியோ களவு வழி.

அடுத்த ஞாயிறு அவள் கேட்டாள், உங்கள் பெட்டிக்குள் எது ஆண், எது பெண் என்று. எல்லாம் பெண், ஆண் தேவையில்லை, ஆண் இல்லாமலே முட்டை இடும், அது பொரிக்கவும் செய்யும் என்று மோசர் அம்மா சொன்னதைப் பெரிய புதினமாகச் சொன்னேன்.



“அது பூச்சி,” என்றாள் யோகம். “எனக்கு அப்பிடி இருக்கத் தெரியாது.”

அவளுக்குப் பின்னால் வாங்கில் யாரோ சிரித்தது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கடைக்காரர் இருமினார். எல்லாருக்கும் முன்னால் அவள் அதைச் சொல்லிவிட்டாள். எனக்குக் காது சுட்டது. இலை முடியப்போகிறது, நாளைக்குப் போய்ப் பிடுங்கவேண்டும் என்றேன். நாணயமும் முடிந்தது.

அடுத்த கிழமை எடுத்தபோது தொடர்பு இல்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. யாழ்ப்பாணம் முழுவதற்கும் தொலைபேசி போய்விட்டது என்று சொன்னார்கள். அவள் கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் எனக்கு மிஞ்சியது.

வெள்ளிக்கிழமைச் சுத்தம்

அந்த மாதங்களில்தான் பூச்சிகளும் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கின. அவற்றின் ஆயுள் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு காலையும் பெட்டிக்கு முன்னால் நிற்கப் பயந்தேன். சாகும் பூச்சி இலைபோலவே பழுக்கும். மஞ்சள், பிறகு மண்ணிறம். ஒருநாள் கால்கள் விட்டுவிட, கீழே விரித்த கடதாசியில் கிடக்கும்.

ஆனால் முட்டை இட்டன. இரவில் படுத்திருந்தால் கடதாசியில் ‘டிக்’ என்று கேட்கும். வாலை ஒரு சொடுக்குச் சொடுக்கி எறிவதுபோல் இடும். எச்சமும் முட்டையும் கலந்து கிடப்பதைப் பிரித்து, முட்டைகளை ஒரு தகர மூடியில் யன்னலோரம் சேர்த்து வைத்தேன். பொரிக்க மாதக்கணக்கில் ஆகும். அவைதான் மிச்சம்.

தேவன் அண்ணைக்கு வெள்ளிக்கிழமை என்றால் வீடு சுத்தமாக வேண்டும். விளக்கேற்றுவதற்கு முன் மூலை முடுக்கெல்லாம் கூட்டித் துடைத்தால்தான் லட்சுமி உள்ளே வருவாள். பாசலில் நாங்கள் இருந்த இரண்டாம் மாடிக்கும் அவள் வருவாள் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. வழக்கமாக என் அறைக்குள் அவர் வரமாட்டார். அந்த வெள்ளி நான் மத்தியான வேலையில் நின்றேன். பூச்சி செத்துச் செத்து விழுகிறது, பொடியன் முகம் செத்துக் கிடக்கிறது, அறையையாவது துப்புரவாக்குவோம் என்று நினைத்திருக்கிறார்.

பெட்டிக் கடதாசியை மாற்றியிருந்தார். தகர மூடியையும் கழுவிக் கவிழ்த்திருந்தார்.

“உதிலை கிடந்தது எங்கை அண்ணை?”

“மிளகாய்க்குப் போட்டு மண்ணைக் கிளறித் தண்ணியும் விட்டிட்டன். பூச்சிப் பீ நல்ல பசளை. நீரும் அதுக்குத்தான் சேர்த்து வைச்சிருக்கிறீராக்கும் எண்டு நினைச்சன்.”

நான் அப்படியே தரையில் இருந்துவிட்டேன். எனக்கு என்ன நேர்ந்தது என்று அவருக்கு விளங்கவில்லை. விக்கி விக்கி ஏதோ சொன்னேன். முட்டை என்றேன், யோகம் என்றேன். இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்போல.

அந்த மிளகாய்க் கன்று அவருடைய உயிர். ஊர்ச் செத்தல் மிளகாயிலிருந்து விதையெடுத்து, வெப்பக் குழாய்க்கு மேலே வைத்து, குளிர்காலத்தில் பூக்கவைத்திருந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் கூட்டிப்போய்க் காட்டுவார். நேரே போய், தன் கையாலேயே அதைப் பிடுங்கினார். வேரை உதறி, சட்டியைச் செய்தித்தாளில் கவிழ்த்தார்.

“இருந்து பொறுக்கும்,” என்றார். “லட்சுமி கொஞ்சம் பிந்தி வரட்டும்.”

அன்றைக்கு எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றும்போது தெருவிளக்கு எரிந்து நெடுநேரமாகியிருந்தது. எல்லா முட்டையும் கிடைத்திருக்காது. கிடைத்தவை ஒரு தேநீர்க் கோப்பையின் அடியை மறைத்தன.

சிவப்புக் குஞ்சுகள்

பனி உருகி, காட்டில் பிறோம்பேரி புதுத் தளிர் விட்ட காலத்தில் ஒரு காலை, முட்டைகளை வைத்திருந்த ஈரமணல் பெட்டிக்குள் எறும்புபோல ஏதோ ஓடியது. நான் எறும்பு என்று நினைத்து நசுக்கப் பார்த்தேன். அது வாலை முதுகுக்கு மேல் வளைத்துக்கொண்டு நின்றது. சிவப்பு. பச்சை இல்லை, கடும் சிவப்பு. இலை தின்னத் தொடங்கிய பிறகுதான் பச்சையாகும்.

தேவன் அண்ணையை எழுப்பினேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். என்ரை மிளகாயின்ரை நிறம் என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானம் நாணயங்களை எடுத்துக்கொண்டு தொலைபேசிக் கூண்டுக்குப் போனேன். தொடர்பு இல்லை என்று தெரியும். தெரிந்தும் அந்தக் கடையின் இலக்கத்தைச் சுற்றினேன். ஒன்றும் கேட்கவில்லை. குஞ்சு பொரித்த செய்தியை யாரிடம் சொல்வது? ஒரு ஆளுக்காகவே நடந்த காரியம். அந்த ஆள் இல்லை.

கிறிஸ்தவர்களின் உயிர்ப்புப் பெருநாளுக்கு மோசர் அம்மா திரும்பி வந்தார். குஞ்சுகளைக் கண்டு கையைத் தட்டினார். என் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். பெட்டி கீழே போயிற்று. என் அறை மேசையில் அது இருந்த இடம் மட்டும் சதுரமாக, தூசி படாமல் தெரிந்தது. காலையில் எழும்பினால் தண்ணீர் தூவும் போத்தலைக் கை தானாகத் தேடும்.

கதவு சாத்திய அறை

வெயில் வந்த பிறகு, சூக் நகரத்தில் வேலை செய்த ஒருவர் வழியாகச் செய்தி வந்தது. யோகம் கொழும்புக்கு வந்துவிட்டாள், ஒரு லொட்ஜில் நிற்கிறாள், இதுதான் இலக்கம். கனடாப் பயணத்துக்காக வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

நான் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். இலக்கத்தை இரண்டுமுறை பிழையாகச் சுற்றினேன்.

அவள் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் வந்தது. ஒரு சத்தமும் இல்லை, வாங்கும் இல்லை, சனமும் இல்லை.

பூச்சிகள் செத்துப்போயின, முட்டைகள் பொரித்துவிட்டன என்று தொடங்கினேன். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

“இஞ்சாருங்கோ,” என்றாள் பிறகு. “இஞ்சை ஒருத்தரும் இல்லை. கதவைச் சாத்தியிருக்கு. உங்களை ஒண்டு கேக்கிறன்.”

“கேளும்.”

“பூச்சி தோல் உரிச்சதைச் சொன்னியள். இலை கழுவினதைச் சொன்னியள். செத்ததைச் சொன்னியள். என்னை ஒருநாளும் வாவெண்டு சொல்லேல்லை. அண்ணை வரச் சொல்லுறார். நீங்கள் என்ன சொல்லுறியள்?”

வரவேண்டாம் என்று சொல்ல என்னிடம் எப்போதும் காரணம் உண்டு. எல்லை தாண்டும்போது பிடிபட்டால்? ஏஜென்சிக்காரன் நடுவழியில் விட்டுவிட்டால்? வந்து சேர்ந்த மறுநாள் என் கேஸ் தள்ளுபடியானால்? கனடாவில் தமையன் இருக்கிறார், வீடு இருக்கிறது. அங்கே போனால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாவற்றையும் நான் ஒழுங்காக யோசித்து வைத்திருந்தேன். சொல்லவும் வாயைத் திறந்தேன்.

“வாரும்,” என்றேன்.

“எங்கை?”

“இஞ்சை. என்னட்டை.”

அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. மூக்கை உறிஞ்சிய சத்தம் மட்டும் வந்தது. பிறகு, சந்தைக்குப் போகப் புறப்படுகிறவள் குரலில் கேட்டாள்:

“அங்கை குளிருக்கு என்ன போடுறது?”

நான் சொல்லத் தொடங்கினேன். முதலில் உள்ளே ஒரு இறுக்கமான சட்டை போடவேண்டும், அதற்குமேல் கம்பளி, காலுக்கு இரண்டு சோடி மேசு, ரப்பர் அடி போட்ட சப்பாத்து, இல்லாவிட்டால் பனியில் வழுக்கும் என்று. அவள் ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்றாள். கையுறையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி நாணயமும் விழுந்து, தொடர்பு அறுந்து காதில் கூவென்றது.

தொப்பியைப் பற்றி நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.